நாற்பத்தேழு பேருக்கு ஒரே அப்பா

எனக்கு எதையும் எண்ணும் வியாதி உண்டு. திருத்தணி மலைப்படி ஏறும்போது யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறினால், கீழே இறங்கி முதலிலிருந்து தொடங்குவேன். அப்படிப்பட்டவனை நான்கு பேருக்குத் தலைவனாக்கினால் என்ன ஆகும்?

எண்பதுகளின் கடைசி. பஜாரில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு நெசவாளர் சங்கத்தின் அடையாள அட்டை வேலை வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சங்கக் கூட்டம். நான் புரோகிராம் எழுதி முடித்ததே வியாழன் காலை. சங்கம் தந்த விண்ணப்பங்களில் அப்பா பெயருக்குத் தனி இடம் இல்லை; என் புரோகிராமோ அப்பா பெயரைத் தட்டாமல் அடுத்த அட்டைக்கு நகராது. (அந்தப் பெருமை வேறு!)

யார் எத்தனை அட்டை தட்டினார்கள் என்று மணிக்கு மணி கரும்பலகையில் எழுதினேன். மூன்று பேர் ஆளுக்குப் பன்னிரண்டு. நான்காமவன் முனிரத்தினம் இரண்டு. அடிக்கடி எழுந்து வெளியே போனான்.

"எங்கய்யா போயிட்டு வரே?"

"டீக்கடைக்கு சார். சங்கத்து ஆளுங்கள அப்பா பேரு கேட்டுகினு..."

"பேருக்கு முன்னாடி இருக்கறதுதான்யா அப்பா பேரு! டீ குடிச்சிகினு கேட்டியா?"

"ஆங் சார். ரெண்டு டீ."

அவனுக்குக் கல்யாணமாகி ஐந்தாவது வாரம். அது தெரிந்தும், "இவனை அனுப்பிடுங்க" என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அட்டை போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அவனுடைய விண்ணப்பக் கட்டைப் பிடுங்கி மிச்சத்தை நானே தட்டினேன். மணிக்குப் பதினெட்டு! இரவே அட்டைகள் சங்கத்துக்குப் போய்விட்டன.

வெள்ளி காலை என் மச்சான் வந்தான். பின்னால் நாற்பத்தாறு பேர். (எண்ணினேன்.)

"பாவா, எங்க நைனா பேரு இன்னா?"

"முனிசாமி." (பாவா நான்; நைனா என் மாமனார்.)

"என் அட்டையில அப்பா பேரு கொண்டான்னு கீது. நைனா அட்டையிலயும் அப்பா பேரு கொண்டா. அப்ப நைனா எனக்கு அண்ணனா?"

"எங்களுக்கும் அவருதான்பா நைனா!" என்றது கூட்டம்.

தெலுங்குக் குடும்பங்களில் பெயருக்கு முன்னால் எழுதுவது வீட்டுப் பெயர். கொண்டா என்பது என் மாமனார் வீட்டுப் பெயர்; முனிரத்தினத்திடம் பிடுங்கிய கட்டு முழுக்க அந்த வீட்டுப் பெயர்க்காரர்கள். அந்த வீட்டில் பதினோரு வருடமாக மாப்பிள்ளைச் சோறு தின்கிறேன்.

முனிரத்தினம் மெல்ல ஒரு நோட்டை நீட்டினான். கட்டைப் பிடுங்கிய பிறகும் டீக்கடையில் உட்கார்ந்து, நாற்பத்தேழு பேரின் அப்பா பெயரையும் கேட்டு எழுதியிருந்தான். அவன் படிக்க, நான் தட்டினேன். மூன்று ஐம்பதுக்குக் கடைசி அட்டை வந்தது.

"யாரையோ அனுப்பணும்னியே, யாரை?" என்றார் முதலாளி.

"என்னைத்தான் முதலாளி. டீ வாங்க."

முனிரத்தினத்துக்கு மட்டும் இரண்டு வாங்கினேன்.

இன்றும் வீட்டில் நாலு பேர் கூடினால் மச்சான் தொடங்கிவிடுவான்: "பாவா, நைனா உனக்கு மாமனாரா, மச்சானா?" இதுவரை நூற்றுப் பதினெட்டு முறை ஆயிற்று. கணக்கு தப்பு என்கிறாள் மனைவி. நான் இல்லாதபோது சொன்னதைச் சேர்க்கவில்லையாம்.