பாறைமீன் பார்சலுக்காக நடந்த பிலிமத்தலாவைப் பெரும்போர்

வாழ்க காளிமுத்து! சீமெந்து மூட்டை சுமந்து சிவந்த தோளினன், லொறிகளின் வயிற்றை வெறுமையாக்கும் வீரன், தலை நரைத்த பின் எழுத்துக்களை வளைத்துப் பிடித்து விரலுக்கு அடிமையாக்கிய வித்தகன்! அவன் பொருத பெரும்போரைப் பாட, ஏ நாவே, கொஞ்சம் களைப்பாறி எழு!

அன்று நண்பகலில் பசி பெரும்படை திரட்டி வந்திருந்தது. பஹ்மி நானாவின் சாப்பாட்டுக் கடையிலோ, பொன்னிறப் பாறைமீன் பொரியல் பொதிந்த சோற்றுப் பார்சல் ஒன்றே ஒன்று எஞ்சி, கண்ணாடிப் பெட்டிக்குள் கோட்டை இளவரசியென வீற்றிருந்தது. மறுநாள் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. அதன்பின் காளிமுத்து வீட்டில் மீன்வாடையும் படி ஏறாது. இன்று இல்லையேல், இனித் தேர் இழுத்து முடிந்துதான்!

எதிரே நின்றான் லொறிச் சாரதி ஷப்ராஸ், ஹோர்ன் ஒலியால் கடுகண்ணாவைக் கணவாயையே கிடுகிடுக்க வைப்பவன்; அவனுக்கும் அதே மீன்மேல்தான் கண்.

இருவரும் "எனக்கு!" என ஒரே நேரத்தில் முழங்க, நானா சுவரில் ஒட்டிய கியூஆர் கோட்டைச் சுட்டிப் பிரகடனம் செய்தார்: "இந்தச் சத்தத்துக்குத்தான் இத ஒட்டினது. போனக் காட்டுங்க, மெசேஜ் எழுதியே வரும். அனுப்புறத அமத்தினாச் சரி. யார்ட மொதல்ல வருதோ அவருக்கு மீன்!"

உருவிய வாள்களென இரு போன்கள் உயர்ந்தன. கறுப்புக் கட்டங்கள் செறிந்த அச்சதுர வியூகத்தைக் கழுகுப் பார்வையால் முதலில் பிளந்தவன் காளிமுத்துவே! திரையில் மலர்ந்தது செய்தி: 'மீன் பார்சல் 1'. வெற்றித்திருமகள் மாலையோடு கடைவாசல் வரை வந்துவிட்டாள். விரல் ஒன்று அசைந்தால் போதும்.

அந்தோ, அசையவில்லை!

"என்னாங்க இது? சொகம் விசாரிக்காம, பேரும் போடாம, எடுத்த எடுப்புல சோறு கேக்குறதா? மனுசன் என்னா நெனப்பாரு?" என்று கர்ஜித்த அப்பண்பின் சிகரம், அந்த மொட்டைச் செய்தியை அடியோடு அழித்து, களிறு கரும்பு ஒடிப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாய் ஒடித்தெடுத்து, 'மதிப்புக்குரிய பஹ்மி நானாவுக்கு, நானும் என் குடும்பமும் நலம், உங்கள் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல்' எனத் தொடங்கி, நாளைய காப்புக் கட்டையும் இன்றைய ஆசையையும் விளக்கி, 'இப்படிக்கு உண்மையுள்ள காளிமுத்து' எனப் பெயர் பொறித்து, புள்ளியொன்று விடுபட்டதைக் கண்டு திரும்பிப்போய் அதையும் இட்டு, தன் செய்தியை எப்போதோ அனுப்பிவிட்டு நின்ற ஷப்ராஸ், "காளியண்ணன், கடுதாசிக்கு முத்திரை ஒட்டல்லயா?" என்றெறிந்த ஏளன ஈட்டியையும் மார்பில் ஏந்தி, இடி இறங்குவதுபோல் விரலை இறக்கினான்.

வெண்கல முரசென அதிர்ந்தது போன். மலைகள் மூச்சடக்க, எதிரிலேயே நின்ற நானாவின் பதிலை அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: 'நானும் வீட்டாக்களும் சொகம் அண்ணன். மீன் முடிஞ்சி போச்சு. பருப்பு இருக்கு.'

காளிமுத்து பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.