காலடிப்பேட்டையில் ஒரு கப்பல்தளம்

என் கை பட்டுக் கெட்டுப்போன வேலை இந்த மெட்ராஸில் ஒன்றே ஒன்றுதான். அதையும் கெட்டுப்போனது என்று மற்றவர்கள்தான் சொல்கிறார்கள், நான் சொல்வதில்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷத்துக்குள், இருபத்தாறு வயதில், துறைமுகத்துப் படகுப் பட்டறையில் மேஸ்திரி. காலடிப்பேட்டையில் சொந்த ஓட்டு வீடு, நடுவில், பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி, நீளமான முற்றம். இதெல்லாம் யார் கொடுத்தது? (யாரும் கொடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.)

அப்போதுதான் ராயபுரத்து ரோசலினை எனக்குப் பேசினார்கள். கான்வென்ட்டில் படித்தவள். ரிங் ஆட்டத்தில் புலி. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசினால், எதிராளி அதைக் கீழே விழாமல் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். கப்பல் மேல்தளத்தில் வெள்ளைக்காரர்கள் அதை ஆடுவதை நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவளே என்னிடம் நேராகக் கேட்டாள்.

"கட்டிக்கினா ஆட வுடுவீங்களா? இல்ல, அடுப்பாண்ட குந்த வச்சிடுவீங்களா?"

'விடுவேன்' என்று ஒரு வார்த்தை போதும். என் வாய்க்கு அது போதவில்லை.

"வுடறதா? கப்பல்ல கீற மாதிரி மரத்தரை, வூட்டுக்குள்ளயே போட்டுத் தரேன். ஆசாரி கெடையாது. நானே, என் கையால!"

அவள் சிரிக்கவில்லை. "போட்டுட்டுச் சொல்லியனுப்புங்க. பாத்துட்டு அப்பால சொல்றேன்" என்று போய்விட்டாள்.

அவள் அப்பா லூர்துசாமி, ரயில் பெட்டிப் பட்டறையில் தச்சர். வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல மரத்தைப் பார்ப்பவர். "வாயிலயே கப்பல் வுடறான்" என்று என்னைப் பற்றி ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருந்தார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. தரை தேறினால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

துறைமுகத்தில் இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பலகையை ஏலத்தில் எடுத்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்த பலகை. முற்றத்தின் குறுக்கே ஒவ்வொன்றாக, சுவருக்குச் சுவர் அடித்து இறக்கினேன். கடைசிப் பலகை நுழையவில்லை, சம்மட்டியால் நுழைத்தேன். பக்கத்து வீட்டு இரும்புக்கடை காதர் பாய் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஒரு ஆசாரியக் கேட்டுக்கப்பா" என்றார்.

"படகு கட்றவனுக்குத் தரை ஒரு வேலையா பாய்?"

படகில் செய்வதுபோலவே சந்துகளில் நார் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்தேன். அதற்கு அப்புறம்தான் என் மூளை உச்சத்துக்குப் போனது. புதுப் படகைத் தண்ணீரில் இறக்கி ஊறவிட்டால் பலகை உப்பி, சந்து தானாக மூடிக்கொள்ளும். ஆகவே முற்றத்துத் தண்ணீர் வெளியே போகும் தூம்பை அடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தரையை மூன்று நாள் குளமாக வைத்திருந்தேன். ஞாயிறு காலை வடித்துப் பார்த்தால் தலைமுடி நுழைய இடமில்லை. எந்தக் கப்பலிலும் இப்படி ஒரு தளம் கிடையாது. (இன்றும் சொல்வேன்.)

நாலு மணிக்கு வந்தார்கள். தெருவே பின்னால் எட்டிப் பார்த்ததால் முற்றத்துக் கதவை உள்ளேயிருந்து தள்ளிச் சாத்தினேன். லூர்துசாமி குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார்.

"செவுத்தாண்ட சந்து வுடலியா?"

"சந்தா? நம்ம வேலையில சந்தே கெடையாது மாமா!"

அவர் சுவரோரத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ரோசலின் கைப்பையிலிருந்து வளையத்தை எடுத்தாள். நான் வீசினேன். அவள் எகிறிப் பிடித்துத் தரையில் குதித்தாள்.

டமார்!

பீரங்கி வெடித்தது மாதிரி. ஆணிகள் பறந்தன. நட்ட நடுவில் பலகைகள் கூடாரம்போல எழும்பி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை இடுப்பளவு மேடாக நின்றன. அவள் அம்மா "சேசுவே!" என்று பின்வாசல் இல்லாத சமையலறைப் படியில் ஏறிக்கொண்டார்.

"கதவத் தொற" என்றார் லூர்துசாமி. இழுத்தேன். வாசலண்டைப் பலகைகளும் எழும்பிக் கதவைக் கவ்வியிருந்தன. கைப்பிடி மட்டும் என் கையோடு வந்தது.

"காஞ்ச மரம் தண்ணி குட்ச்சா உப்பும்டா! நாலு பக்கமும் செவுரு வச்சி அடிச்சிக்கிற. எங்க போவும்? மேலதான் வரும்! ஒனக்குப் பொண்ணு குடுத்தா அவளையும் மூணு நாளு ஊறப் போடுவ. கெளம்பு ரோசி!"

"எங்க நைனா கெளம்பறது? கதவே தொறக்கலியே."

மதிலுக்கு மேல் காதர் பாய் தலை தெரிந்தது. "இன்னாப்பா, குண்டு போட்டானா?"

"பாய், ஒரு ரம்பம் குடுங்க."

"கடையிலகீது. போயி எட்த்தாரேன்." பாய் நடக்கிற நடைக்கு ஒரு மணி நேரம்.

கையோடு வந்த கைப்பிடியைத் திரும்பக் கதவில் செருகிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரோசலின் குரல் வந்தது.

"இன்னா நின்னுகினுகீறீங்க? வலை கட்டாம வுட்டுட்டாரேன்னு பாத்தேன். தானா வந்திருக்கு. போடுங்க!"

(வலையை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.)

போட்டேன். திருப்பிப் போட்டாள். வளையம் மேட்டின் உச்சியில் பட்டு, யோசித்து, என் பக்கம் உருண்டது. "செல்லாது!" என்றேன். "செல்லும்!" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த லூர்துசாமிக்குப் பொறுக்கவில்லை. "செல்லும்டா! ஒன் பக்கம்தான விழுந்துது?" என்று எழுந்தார். அதற்குப் பிறகு உட்காரவில்லை. படியில் ஏறி நின்று ஒவ்வொரு வீச்சுக்கும் தீர்ப்புச் சொன்னார். ரம்பம் மதில் மேல் வந்தபோது, "செத்த இரு பாய், ஆட்டம் முடியட்டும்" என்றார்.

இருபத்தொன்றுக்கு ஆறு. ஆறு என்னுடையது.

அவரே ரம்பத்தை வாங்கி வாசல் பலகையை அறுத்துக் கதவைத் திறந்தார். ரோசலின் வெளியே போகாமல் நின்றாள்.

"தப்பாத்தான் போட்டாரு நைனா. ஆனா போட்டாரு. முன்னாடி வந்தவன்லாம் ஆட வுடறேன்னு வாயாலதான சொன்னான்?"

லூர்துசாமி மேட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாக என்னை. "நாலு பலகைய எடு. செவுத்தாண்ட ரெண்டு வெரலு எடம் வுடு. அப்பால கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம்."

ஜெயித்தேனா இல்லையா?

சந்து விட்ட அந்தத் தரையில் காலடிப்பேட்டைப் பெண் பிள்ளைகள் பாதிப் பேருக்கு ரோசலின் ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். மாமனார் கல்யாணத்தன்று எல்லாருக்கும் முன்னால், ரிப்பன் கட்டிய ஒரு ரம்பத்தை என் கையில் கொடுத்தார். அன்று முதல் எங்கள் குடும்பத்துக்கு வருகிற ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் முதல் சீர் ரம்பம்தான்.

போன மாதம் பேத்தி கல்யாணம். மேடையில் மாப்பிள்ளைப் பையன் ரம்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாட்டி, இத வச்சு நான் என்ன பண்றது?"

"மொதல்ல அவளுக்கோசரம் எதையாச்சும் தப்பாப் பண்ணு கண்ணு" என்றாள் ரோசலின். "அப்பால தானா தேவைப்படும்."

மண்டபமே என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் எழுந்து நின்று, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.