டீலக்ஸில் மட்டும் இரண்டு பேர்

"கூட ஆயிரம் ரூவாயா? எதுக்குலே?" என்று மாரிராஜ் கத்தினான். கத்தினால்தான் கேட்கும். இருவருக்கும் நடுவில், கார் பம்பருக்கு கிளிப் வார்க்கும் மோல்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இது டீலக்ஸ் எடிஷன்லே!" என்று பதிலுக்குக் கத்தினான் இசக்கிபாண்டி.

"சாதாவுலயும் அதே கேம்தான இருக்கும்?"

"சாதாவுல ஒத்த ஆளுதான் ஆட முடியும். டீலக்ஸ்ல கடைசியா ஒரு கோட்டை வருது. ரெண்டு பேரு சேந்து ஏறணும். பொறவு இரும்பு டப்பா, கீ செயின்..."

"கீ செயினா? நம்மகிட்ட இருக்கதே ஒத்தச் சாவி. அதும் நெலைமேல கெடக்கு."

அதற்கு மேல் பேச நேரமில்லை. மாரிராஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். இசக்கிபாண்டி அவன் இடத்தில் நின்றான்.

ஒரகடத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் மெஷினுக்கு ஓய்வு கிடையாது. அடுத்த ஷிப்ட்டுக்காரன் வந்து நின்றால்தான் முந்தையவன் நகரலாம். வருகிறவனுக்கு ரிலீவர் என்று பெயர். பகலில் இசக்கிபாண்டி, இரவில் மாரிராஜ். இவனுக்கு அவன் ரிலீவர், அவனுக்கு இவன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஓ.டி. என்று பெயர். பொங்கலுக்கு மட்டும் மெஷின் நிற்கும். அன்று இருவரும் தெற்கே ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே பாய், ஒரே தலையணை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய கேம் பெட்டி ஒன்றும் உண்டு. அதில்தான் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருவன் பாதிப் பாலத்தில் சேவ் செய்துவிட்டு வேலைக்குப் போவான். மற்றவன் வந்து மீதிப் பாலத்தைக் கடப்பான். மனசு சரியில்லாத நாள்களில் இசக்கிபாண்டி தன் வீரனை ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டுப் போவான். மாரிராஜ் அதைப் புரிந்துகொண்டு, அன்றைக்கு யாரையும் சுடமாட்டான்.

வீட்டுக்கார ராஜம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வாய் மட்டும் நன்றாக இருந்தது. இசக்கிபாண்டி சாயங்காலம் டீ கேட்டால், "இப்பதான குடிச்சிட்டுப் போன? ஒரு நாளிக்கி எத்தினி டீ குடிப்ப?" என்பார். இந்தப் பக்கத்துச் சிக்கனம் என்று அவன் நினைத்துக்கொண்டான். காலையில் மாரிராஜைப் பார்த்தால், "ராவும் பகலும் ஓடிக்கினே கீறியே, ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்பார். ஓ.டி.யைச் சொல்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கடைசியில் டீலக்ஸையே வாங்கினார்கள். கோட்டைக்காக, இசக்கிபாண்டி வயிற்றுவலி என்று லீவு போட்டான். டிவி முன்னால் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் துடைத்து வைத்துவிட்டு மாரிராஜுக்காகக் காத்திருந்தான். மாரிராஜ் வரவில்லை. எப்படி வருவான்? ரிலீவர் வயிற்றுவலியில் இருந்ததால், அவன் பகல் ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது இருவருக்குமே தோன்றவில்லை. இருவரும் டிப்ளமோ படித்தவர்கள்.

சூப்பர்வைசர் தாவீதுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

"ஒக்காந்து துன்ன நேரம் இல்லாதவனுக்கு முந்திரி போட்ட தோசை இன்னாத்துக்குப்பா? இனிமே ரெண்டு பேருக்கும் லீவு கட்."

"மெஷினு நின்னாத்தாம்லே நமக்கு விடிவு" என்றான் மாரிராஜ். குன்றத்தூர் முருகனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டான். முருகன் உடனே கவனித்தார். அந்த வாரமே, மாரிராஜ் இறங்குகிற நேரம், இசக்கிபாண்டி ஏறுகிற நேரம் பார்த்து, மெஷின் புகைந்து நின்றது.

விசாரணை முடியும்வரை வெளியே போகக் கூடாது என்று இருவரையும் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். முதன்முறையாகக் கத்தாமல் பேசலாம். அதனால் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

மாரிராஜ்தான் ஆரம்பித்தான். "ஏலே, நீ பாக்க என்னைய மாதிரில்லா இருக்க."

"யூனிபார்ம்லே. தொப்பியும் போட்டாச்சுன்னா இங்க எல்லாவனும் ஒண்ணுதான்."

"மெஷினு நின்னுட்டு பாத்தியா."

"ஆமா. நாம வீட்ல இல்லியே."

விசாரணை முடிந்தது. மெஷின் மாரிராஜின் கையில் நின்றதாகத் தீர்ப்பு. மெஷினைப் பழுது பார்த்தார்கள். மாரிராஜின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

அவன் ஊருக்குக் கிளம்பும் நாளில் தாவீதுக்கே மனசு கேட்கவில்லை. "புது ஆள் மத்தியானம் வந்துருவான். மெஷின அவன்கிட்ட குடுத்துட்டு ஓடு. மாரிராஜுக்கு சாயந்திரம்தான பஸ்ஸு? அந்தக் கோட்டையோ கொத்தளமோ, ஏறித் தொலைங்க" என்று இசக்கிபாண்டியிடம் சொன்னார்.

புது ஆள் சொன்னபடி வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார். "லீவு எப்பண்ணா?" என்று கேட்டார். இசக்கிபாண்டி உண்மையைச் சொன்னான். பொய் சொல்லியிருக்கலாம். புது ஆள் சாப்பிட்டுவிட்டு வருவதாக கேன்டீனுக்குப் போனார். நன்றாகச் சாப்பிட்டார் என்று கேள்வி. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

இசக்கிபாண்டி மாற்று ஆள் கிடைத்து அறைக்கு ஓடிவந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. சாவி நிலைமேல் இருந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. தலையணையைத் தொட்டுப் பார்த்தான். ஆறிப்போயிருந்தது.

டிவியைப் போட்டான். கோட்டை மதில் வந்தது. அதன் அடியில் மாரிராஜின் வீரன் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான், ஏறிக்கோ என்பதுபோல. அப்படி நிறுத்திச் சேவ் செய்துவிட்டுப் போயிருந்தான்.

இசக்கிபாண்டி இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்தான். அந்த முதுகில் கால்வைத்து மதில்மேல் ஏறினான். இனி மேலே இருப்பவன் கை கொடுக்க வேண்டும். கீழே இருப்பவன் பிடிக்க வேண்டும். அவன் தன் ஜாய்ஸ்டிக்கைக் கையில் அழுத்திக்கொண்டு, மாரிராஜின் ஜாய்ஸ்டிக்கைக் கால் கட்டைவிரலால் அழுத்தினான். கீழே இருந்த வீரன் மெதுவாகக் கையை உயர்த்தினான். எட்டவில்லை. மறுபடி அழுத்தினான். டிவி கலங்கலாகத் தெரிந்தது. கேபிள் சரியில்லை என்று இசக்கிபாண்டி நினைத்துக்கொண்டான். கேம் பெட்டிக்குக் கேபிள் கனெக்ஷன் தேவையில்லை.

கதவு திறந்தது. துடைப்பத்தோடு ராஜம்மா நின்றார்.

"யாரு உள்ள? அட, நீயா! காலி பண்ணிக்கினு போறேன்னு கால்ல வுழுந்து அழுதுட்டுப் போனியேப்பா, பஸ்ஸ வுட்டுட்டியா?"

"அது மாரிராஜும்மா. அவன் போயிட்டான்."

ராஜம்மா துடைப்பத்தை ஊன்றி, கண்ணை இடுக்கிக்கொண்டு அவனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாரிராஜா? அது யாருப்பா? ரெண்டு வருசமா இந்த வூட்ல நீ ஒண்டியாதான கீற?"