அக்னி மூலையில் அடுப்புள்ள கப்பல்

கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கடலில் குடியேற முடிவு செய்த மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். அவர் மீனாட்சிபுரத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். கேரள எல்லைக்குள் இருக்கும் தமிழ் ஊர் அது; எந்தத் திசையில் நடந்தாலும் லேசில் கடல் வராது. கிழக்கே போனால் பொள்ளாச்சி, மேற்கே போனால் சித்தூர். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடுவோம். எங்களுக்குத் தெரிந்த துறைமுகம் அவ்வளவுதான்.

ஊரே அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்லும். அப்பன் ஆத்தா வைத்த பெயர் பால் சொசைட்டிக்கு மட்டும் தெரியும். எனக்கு அவர் மாமா. கட்டுத்தரை நிறைய மாடுகள், நாலு ஏக்கர் தென்னை, நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். இப்படிப்பட்ட மனிதருக்குக் கிறுக்குப் பிடிக்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அந்தக் காரணத்தின் பெயர் சரசு அத்தை.

அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. பழனிக்குப் போனாலும் சரி, பெண்ணைக் கட்டிக்கொடுத்த கோயம்புத்தூருக்குப் போனாலும் சரி, சாயங்காலப் பால் நேரத்துக்குள் வீடு வந்துவிடுவார். பேரன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கி, மூக்கு யார் ஜாடை என்று பார்த்து முடித்து, “செரி கண்ணு, மாடு கத்தும்” என்று பஸ் ஏறியவர் அவர். மாமாவுக்கோ அத்தையோடு எங்காவது போய் நாலு நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்று தீராத ஆசை. எப்போது கூப்பிட்டாலும் அத்தையிடம் ஒரே பதில்தான்: “ஊட்ட உட்டுட்டு எப்பிடிங்க வர்றது?”

ஒரு நாள் மாமா மடிநோய்க்கு வைத்தியம் தேடி செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். பச்சிலை அரைக்கும் வீடியோ முடிந்ததும் தானாக இன்னொன்று ஓட ஆரம்பித்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் ஒரு படகிலேயே சமைத்து, படகிலேயே துணி காயப்போட்டு, படகிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். சித்தூர் காலேஜில் இங்கிலீஷ் படித்தவன் என்பதால் எனக்கு ஆள் வந்துவிட்டது.

“மாப்ள, இவன் என்னமோ அடிக்கணக்கு சொல்றான். என்னன்னு கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். குடியிருக்க டிராலர் என்கிற வகைப் படகு வாங்குகிறவர்கள் எத்தனை அடியில் வாங்க வேண்டும் என்று கிழவன் விளக்குகிறான். முப்பது அடி என்றால் ஒருவர் திரும்ப மற்றவர் வெளியே போக வேண்டும். ஐம்பது என்றால் கட்டி இழுக்க ஆள் வைக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் என்றால் முப்பத்தாறிலிருந்து நாற்பதுக்குள் தோது. இதைச் சொன்னதும் மாமா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், பெண் பார்க்கப் போனபோதுகூட வந்திருக்காது.

“ஊட்ட உட்டுட்டு வரமாட்டீன்னுதான சொல்றா? ஊடே கெளம்பி வந்துருச்சுன்னா என்ன சொல்லுவா?”

இப்படித்தான் மாமா கப்பல்காரர் ஆனார்.

வெள்ளைக்காரன் சொன்ன அடியை மாமா வெள்ளைக்காரன் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. வீடு என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மனையடிக் கணக்குப் பார்க்காமல் கோழிக்கூடுகூடக் கட்டமாட்டோம். நேராக ஆறுமுக மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி எங்கள் ஊரில் பாதி வீடு கட்டியவர், மீதி வீட்டைக் குறை சொன்னவர்.

“முப்பத்தெட்டு ஆகவே ஆகாதுங்க. நாப்பதும் வேண்டாமுங்க. முப்பத்தாறு போடுங்க, ராஜயோகம்” என்றார் மேஸ்திரி.

“அளவு செவுத்துக்கு உள்கூடா, வெளிக்கூடாங்க?”

“மனைக்கு எப்பவும் உள்கூடுதானுங்க. செவுரு என்ன கனம் வரும்?”

மாமா என்னைப் பார்த்தார். படகின் சுவர்க் கனம் எனக்குத் தெரியவில்லை. நான் படித்த காலேஜ் அந்த இடத்தில் தலைகுனிந்தது. மேஸ்திரி படகின் படத்தைப் போனில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திடீரென்று கும்பிட்டார்.

“ஏனுங்க, இது முன்னால சுருங்கி பின்னால அகலமா இருக்குது! பசுமுகம்ங்க! குடியிருக்கறதுக்கு இதுக்கு மேல ஒசந்த மனையே கெடையாதுங்க.”

மாடு வளர்த்துப் பிழைக்கிறவரிடம் உன் கப்பலுக்குப் பசுவின் முகம் என்று சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? மறுநாளே நெல் காயப்போடும் களத்தில் சுண்ணாம்பால் முழு அளவில் கப்பலை வரைந்துவிட்டார். உள்ளே கயிற்றுக் கட்டில் போட்டார். அடுப்பு வைத்தார். ஒரு நாற்காலியைப் போட்டு முன்னால் பழைய சைக்கிள் சக்கரத்தை நட்டு, மத்தியானச் சாப்பாடு முதல் காப்பி வரை அதிலேயே பயணம் செய்தார். வழியில் போகிறவர்கள் “ஏனுங்க, எந்த ஊரு தாண்டிட்டீங்க?” என்று கேட்பார்கள். “காத்து சரியில்லீங்க, கொஞ்சம் மெதுவாத்தான் போகுது” என்பார் கூசாமல்.

அத்தை மட்டும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் கால் வைக்கவில்லை. காப்பியைக் கோட்டுக்கு வெளியே நின்றே நீட்டுவார்.

“உள்ள வந்து உக்காரு சரசு. ஒரே ஒரு நிமிசம்.”

“எனக்குச் சோலி கெடக்குது. ஆட்டுக்கல்லுக்கு எடம் எங்க?”

மறுநாள் கப்பல் மூன்று அடி நீண்டது. ஆட்டுக்கல் உள்ளே வந்தது. “அரிசி மூட்டைக்கு?” இன்னும் இரண்டடி. “செவலை சினையா இருக்குதே, அதைய ஆரு பாப்பா?” அன்றைக்குக் கப்பல் களத்தைத் தாண்டி வாசல் வரை போய்விட்டது. செவலையைக் கொண்டு வந்து நடுக்கப்பலில் கட்டினார்கள். அது நின்ற இடத்தில் சாணி போட்டுவிட்டு, பக்கத்தில் நட்டிருந்த பாய்மரத்தைத் தின்றது. பாய்மரம் சோளத்தட்டில் செய்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தை கேட்ட எதையும் மாமா மறுக்கவே இல்லை. வெள்ளைக்காரன் சொன்ன அளவைத் தாண்டி, மேஸ்திரி சொன்ன யோகத்தைத் தாண்டி, கப்பல் வளர்ந்துகொண்டே போனது. அவள் கேட்டதெல்லாம் உள்ளே வந்துவிட்டால் கேட்டவளும் வந்துதானே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு ஒரு மத்தியானம் பருவமழை பிடித்துக் கொட்டியது. அரைமணி நேரத்தில் சுண்ணாம்பு கரைந்து, சைக்கிள் சக்கரம் மட்டும் மிஞ்சியது.

“கப்பல் முழுகிப்போச்சாட்ட இருக்குதுங்க” என்றார் மேஸ்திரி, துக்கம் விசாரிக்கிற குரலில்.

மாமா அசரவில்லை. “வரைஞ்சு பாத்தது போதும். நேர்ல போய் அளந்துருவோம். மாப்ள, கொச்சிக்குக் கார் சொல்லு.”

டிராலர் என்றால் நம் கேரளத்தில் மீன்பிடிப் படகுதான், வெள்ளைக்காரன் குடியிருப்பது வேறு சாதி என்று நான் எவ்வளவோ சொன்னேன். மீன் இருந்த இடத்தில் மனுசன் இருக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டார். கார் கிளம்பும் நேரத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.

மனசு மாறிவிடுமோ என்று மாமா ஓடிப்போய்க் கார்க் கதவைச் சாத்தினார். அத்தை என்னிடம் சொன்னார்: “சந்தோசப்படச் சொல்லாத கண்ணு. தனியா உட்டா இந்த மனுசன் எதையாச்சும் புடிச்சு லாரில ஏத்தீட்டு வந்துருவாரு. தடுக்கறதுக்குத்தான் வாரேன். பொழுதோட பால் கறக்கத் திரும்பிறோணும்.”

அப்படியும் நேரமாகிவிட்டால் என்ன செய்வது என்று சாயங்காலக் கறவையை என் மனைவி மாலதியிடம் ஒப்படைத்திருந்தார். கொச்சி வரைக்கும் அத்தை மாலதிக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டே வந்தார். மாலதியின் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. திரை முழுக்கச் செவலைதான் தெரிந்தது.

மழைக்காலம். டிராலர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று அரசாங்கத் தடை போட்டிருக்கும் மாதம். துறைமுகம் முழுக்கப் படகுகள் சும்மா கட்டிக் கிடந்தன. நாற்றம் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஒரு படகில் ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், அந்தப் படகை ஓட்டும் டிரைவர். மாமா டேப்போடு ஏறிப் பேச்சுக் கொடுத்தார்.

“தம்பி, இதுல குடியிருக்கறதுக்குத் தோதுப்படுமா?”

“இது மீன்பிடி போட்டாக்கும், ஐயா.”

“அது தெரியுதுங்க தம்பி. சமையக்கட்டு எங்க இருக்குது?”

டிரைவர் காட்டினார். ஓட்டுகிற அறைக்குப் பின்னால், வலது பக்கத்தில் கரிபிடித்த ஒரு அடுப்பு. மாமா வானத்தைப் பார்த்தார், மழைமேகத்துக்குள் சூரியனைத் தேடினார், திசையைக் கணித்தார். படகின் மூக்கு வடக்கே. அடுப்பு தென்கிழக்கே.

“மாப்ள! அக்னி மூலை! அளந்து வெச்சாப்பல அக்னி மூலை!”

டிரைவருக்கு விஷயத்தை விளக்கினேன். வீட்டில் அடுப்பு தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் வேறு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

“போட்டு திரும்பினா மூலையும் கூடத் திரும்புமே, ஐயா?”

மாமா அடுப்பையும் படகின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். மேஸ்திரி உட்பட எங்கள் ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் ஊரில் எந்த வீடும் திரும்பியதில்லையே! ஆனாலும் மாமா விடவில்லை.

“திருப்பாம வடக்கயே போய்ட்டிருந்தா?”

“மங்களூர் போவலாம், கோவா போவலாம், பம்பாய் போவலாம்.”

“செரி. திரும்பி வரும்போது?”

கரையில் முந்தானையால் மூக்கைப் பொத்தி நின்றிருந்த அத்தையின் குரல் வந்தது: “வரும்போது பட்டினி!”

டிரைவர் சிரித்த சிரிப்பில் பிரஷ் தண்ணீரில் விழுந்தது. சிரித்து முடித்து, படகின் மறுபக்கத்துக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும், அதனால் இப்போது திருப்பிக் கட்டப் போவதாகச் சொன்னார். வேண்டுமானால் அம்மாவும் ஏறிக்கொள்ளலாம், பத்து நிமிஷ வேலைதான். மாமா அத்தையைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போயிருந்தார் போலிருக்கிறது, டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. அப்போது அத்தை செருப்பைக் கரையில் கழற்றிவைத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் படகில் ஏறினார்.

படகு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. அத்தை அடுப்புக்குப் பக்கத்தில் தூணைப் பிடித்து நின்றுகொண்டு, கரை நகர்வதையே பார்த்தார். பிறகு ஒரு சிறுமியைப் போலக் கத்தினார்.

“ஏனுங்க! அடுப்பு கன்னி மூலைக்கு வந்துருச்சுங்க!”

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

“இப்பப் பாருங்க, வாயு மூலை! அய்யோ, ஊடு சுத்துதுங்க!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அத்தை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அத்தைக்கு இவ்வளவு சிரிப்பு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமாவுக்கும் தெரியாது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. படகு திரும்பி முடித்தபோது முகத்துவாரத்துக்கு அப்பால் கடல் தெரிந்தது. இரண்டு பேருமே அன்றைக்குத்தான் கடலை முதன்முதலில் பார்த்தார்கள். வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

இறங்கியதும் அத்தை என் போனை வாங்கி மாலதியைக் கூப்பிட்டார். மாட்டைக் காட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“மாலதி, கண்ணு... காலைலயும் நீயே கறந்துருவியா?”

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேரையும் கடற்கரைப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் விட்டுவிட்டு நான் மட்டும் ஊர் திரும்பினேன். ஒரு ராத்திரி என்று சொன்னவர்கள் ஒரு வாரம் கழித்து வந்தார்கள். அதற்குள் செவலை என்னை உதைத்த உதையில் நான் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். “கப்பல் எங்கீங்க?” என்று ஊர் கேட்டதற்கு, “அளவு தோதா அமையலீங்க” என்று சொல்லி முடித்துவிட்டார் மாமா. அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தால் இருவரும் கிளம்பிவிடுவார்கள், மாலதி பெருமூச்சு விட்டுக்கொண்டு பால் வாளியை எடுப்பாள்.

மாமா போன வருஷம் தவறிப்போனார். இந்த வருஷம் மழை பிடித்ததும் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். “கார் சொல்லு கண்ணு” என்றார்.

கூட்டிப்போனேன். சாரல் விட்டிருந்தது. மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரமாகிவிட்டது. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை.

“அத்தை, பால் நேரம் ஆச்சுங்க. கெளம்பலாங்களா?”

“இரு கண்ணு. என்ன அவசரம்?”

அத்தை வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க மாமா என்னவெல்லாம் கிறுக்குத்தனம் பண்ணினார்! உட்கார்ந்தேன். கேட்பதற்குத்தான் அவர் இல்லை.