ஊதல் மகானின் வெள்ளைப் பேய்

குற்றம் செய்த பிள்ளைகளை வைத்திருக்கும் அந்த இல்லத்தில் அன்று கூட்டம் தாங்கவில்லை. ஊதல் மகான் வருகிறார்! போதைப் பேயைக் கண்ணாடித் தம்ளருக்குள் இறக்கிக் காட்டுகிறவர், சும்மாவா? தொப்பை குலுங்க அவர் படியேறியதும் கண்காணிப்பாளர் குனிந்து செருப்பை வாங்கிக்கொண்டார். படித்த மனிதர்தான், பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

இல்லத்து நர்ஸ் கண்காணிப்பாளரை மறித்து நின்றாள். ஏழாம் அறைப் பையன் போதை மாத்திரையை விட்ட நாளிலிருந்து சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறிக்கொண்டிருந்தான். மனநல டாக்டர் மருந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி, இப்போதுதான் இரவில் மூன்று மணி நேரமாவது தூங்குகிறான். அதற்குள் "இனி டாக்டரும் மருந்தும் வேண்டாம்" என்கிற உத்தரவு மேசையில் கையெழுத்துக்குத் தயார்!

"சார், மருந்தைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்துரும். உயிருக்கே ஆபத்து."

"நம்பிக்கையில்லாம பேசாதம்மா. பேய்க்குக் கோபம் வரும்" என்றார் கண்காணிப்பாளர்.

மகான் தாம் கொண்டுவந்த தெளிந்த தண்ணீரைத் தம்ளரில் ஊற்றிக் குழலைப் போட்டு ஏழாம் அறைப் பையனை ஊதச் சொன்னார். குமிழி பொங்கியது. தண்ணீர் பாலாக வெளுத்தது!

"வந்துருச்சு பாருங்க!" என்று மகான் முழங்க, பையனின் அம்மா கும்பிட்டபடி அழுதாள்.

நர்ஸ் அதே தண்ணீரை இன்னொரு தம்ளரில் ஊற்றிக் கண்காணிப்பாளரிடம் நீட்டினாள். "நீங்களும் ஊதுங்க சார். டீகூடத் தொடாத மனுஷராச்சே."

அவர் பெருமையோடு ஊதினார். வெள்ளை!

மகான் அசரவில்லை. "பெரிய பதவின்னா பெரிய பேய்தான் பிடிக்கும்."

"அதான் காலையிலேருந்து தலை சுத்துது!" என்று கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். கூட்டம் யோசித்ததா? வரிசையில் நின்றது. சமையல்காரர் ஊதினார், வெள்ளை. காவலாளி ஊதினார், வெள்ளை. ஒரு வக்கீல் தமக்கு இரண்டு பேய் இருப்பதாகச் சொல்லி இரண்டு தம்ளர் கேட்டார்.

"இப்ப நீங்க ஊதுங்க ஐயா" என்றாள் நர்ஸ்.

"நான் சுத்தமானவன்மா."

"அப்போ தண்ணி அப்படியே இருக்கும். நாங்களும் கண்ணால பார்த்துக்கறோம்."

கூட்டமும் ஆசையாகத் தலையாட்டியது. மகான் குழலைக் கவ்விக் கன்னத்தை உப்பினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஒரே கைதட்டல்!

"குமிழியே வரலை!" என்று ஏழாம் அறைப் பையன் கத்தினான். "மூச்சை அடக்கிக்கிட்டு நடிக்கிறாரு!"

மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவிட்டு விழுங்கியதாகக் கன்னத்தை அசைத்துக் காட்டுவதில் கரைகண்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களிடமா இந்த வேலை?

"குமிழி விடு! குமிழி விடு!" என்று கூடமே அதிர்ந்தது. மகானின் முகம் சிவந்து, நீலம் பாரித்து, கடைசியில் மூச்சு பீறிட்டது. பேயை விரட்டுகிறவரின் தம்ளர்தான் எல்லாவற்றிலும் கெட்டியான வெள்ளை.

நர்ஸ் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பையனிடம் கொடுத்தாள். ஊதினான், ஊதினான், தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"இவர் கொண்டுவந்தது சுண்ணாம்பு கரைச்சு வடிச்ச தண்ணி. யார் மூச்சு பட்டாலும் வெளுக்கும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. இவனுக்கு இருக்கிறது நோய். மருந்து வேணும், கூட உட்கார்ந்து பேச ஆள் வேணும்."

அம்மா விறுவிறுவென்று மேசைக்குப் போய் உத்தரவை நாலாகக் கிழித்தாள். "என் புள்ளையைக் கொல்லவா பார்த்தீங்க? டாக்டரைக் கூப்பிடுங்க சார்!"

கண்காணிப்பாளர் தொலைபேசியை எடுத்தார். எடுத்தவர் நர்ஸிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ எனக்குள்ள இருந்தது என்னம்மா?"

"மூச்சு சார்."

மகான் வெறுங்காலோடு ஓடிவிட்டார். கவலை வேண்டாம், நாளைக்கு இன்னொருவர் வேறு தம்ளரோடு வருவார். மூச்சுவிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யோசிக்க மட்டும் எவனோ ஒருவனின் உத்தரவுக்கு ஏன் ஐயா காத்திருக்கிறோம்?