நாற்பத்தொன்றாம் லோட்டில் நின்ற கம்ப்யூட்டர்

ஈப்போவில் மதர்போர்டைச் சவப்பெட்டிக்குள் ஓடவிட்டு, மூடியும் போட்டு, பிழைத்தால் மட்டும் வாங்கிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். பெட்டி அண்ணே. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பெட்டி அண்ணே என்று கேட்டால் சந்தையில் மீன் விற்பவர்கூட வழி சொல்வார். சொல்லிவிட்டு நம்மை ஏற இறங்க ஒரு தடவை பார்ப்பார்.

எண்பதுகளின் பின்பாதி அது. நான் ஒரு நில அளவை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். ரப்பர் தோட்டங்களை விற்று, துண்டு போட்டு, வீட்டு மனைகளாக்கிக்கொண்டிருந்த காலம். மனைக்கு எங்கள் பேச்சில் லோட். பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தை எண்பது லோட்டாகப் பிரிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. அந்த அளவுகளைக் கணக்குப் போட எங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. நடுவில் ஒரு எண்ணைத் திருத்தினால் மறுபடி முதலிலிருந்து ஒரு பகல்.

பாஸ் மிஸ்டர் லோ ஒரு சீனர். முப்பது வருடம் தோட்டத்து ஆட்களோடு காடு அளந்தவர், எங்களைவிடச் சத்தமாகத் தமிழ் பேசுவார். புது மாடல் வாங்க மனசு வராமல், யாரோ சொன்னார்கள் என்று பழைய மதர்போர்டைக் கொடுத்துவிட்டு, வேகம் ஏற்றிய மலிவான போர்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். வேகமாகத்தான் ஓடியது. சனி, ஞாயிறு அணைக்காமல் விட்டுவிட்டுத் திங்கள் காலை வந்து பார்த்தால், திரையில் செவ்வாய்க்கிழமை. அது தெரியாமல் நான் இரண்டு கடிதம் அடித்து, ஆள் மூலம் கையோடு அனுப்பிவிட்டேன். கடிதம் கிடைத்தவர் போன் செய்தார்: "மிஸ், நாளைக்கு எழுதின கடிதம் இன்னைக்கே வந்திருச்சே, எப்படி?"

பாஸ் என்னிடம் ஒரு விலாசத்தை நீட்டினார். "இந்த ஆளைக் கூப்பிடு. பைத்தியம்தான். ஆனா வேலை தெரியும்."

விலாசம் ஒரு சீனச் சவப்பெட்டிக் கடையின் மாடி. பிற்பகல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே கடையில் ஆள் இல்லை. வரிசையாகப் பெட்டிகள், ஊதுபத்தி வாசம். படியில் கால் வைத்தேன். பக்கத்துப் பெட்டிக்குள்ளிருந்து மெல்ல 'பீப்' என்றது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு இடி. படியில் ஒல்லியாக ஒருவர் இறங்கி வந்து, மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, "உசுரோடதான் இருக்கு மிஸ், பயப்படாதீங்க" என்றார். உள்ளே பட்டுத் தலையணை. அதன்மேல் ஒரு மதர்போர்டு, ஒயரோடு.

"கிறிஸ்டலை மாத்தினா வேகம் எந்தப் போர்டுலயும் வரும் மிஸ்" என்றார். கிறிஸ்டல் என்பது போர்டுக்குத் தாளம் போடும் பல் அளவுத் தகர வில்லை. "வேகமா ஓடிட்டு நிலையா நிக்கிறதுதான் கஷ்டம். மொதல்ல போர்டுல ரெண்டு கிறிஸ்டல் இருக்கான்னு பாக்கணும். ஓட்டத்துக்கு ஒண்ணு, கடிகாரத்துக்கு ஒண்ணு. உங்க பாஸ் வாங்கினதுல ஒண்ணுதான் இருக்கும். ஓட்டத்தை ஏத்தினா கடிகாரமும் கூட ஓடாம என்ன செய்யும்? ரெண்டாவது, மெமரி சில்லெல்லாம் கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும். மூணாவது சூடு. மூடின பெட்டிக்குள்ள ஒரு நாள் தாங்குச்சுன்னா, உங்க ஆபீஸ்ல பத்து வருசம் தாங்கும்."

அதற்குள் திரும்பி வந்த கடை முதலாளி, மூடி திறந்திருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். போன வாரம் ஒரு குடும்பம் தகப்பனாருக்குப் பெட்டி பார்க்க வந்த நேரம் இது 'பீப்' என்றதாம். மருமகள் மயக்கம். மகன்கள் வாசல் வரை ஓடி, பிறகு அவளைத் தூக்கத் திரும்பி வந்தார்களாம். "இவனை தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸுல ஏத்தி விடு லா!" என்று என்னிடம் முறையிட்டார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது. ஆனால் வாடகைக்கு வேறு ஆள் பார்த்ததாகத் தெரியவில்லை.

புதன்கிழமை பெட்டி அண்ணே புதுப் போர்டோடு வந்தார். கம்ப்யூட்டர் கடையில் அதை அவர் முகர்ந்து, தட்டி, காதில் வைத்துக் கேட்டதில் கடைக்காரர் "ச்சி ஸின்!" என்று கத்தினாராம். கன்டனீஸில் கிறுக்கன் என்று அர்த்தம். அதைப் பெருமையாகத்தான் சொன்னார். கணக்கை ஓடவிட்டேன். பச்சை எழுத்துகள் பறந்தன. ஒரு பகல் பிடித்த வேலை அரை மணியில் பாதியை எட்டியது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. ஒரு 'பீப்'. நின்றுவிட்டது.

மறுபடி ஓடவிட்டேன். நாற்பத்தொன்று. மறுபடியும் அதே நாற்பத்தொன்று.

அன்று மாலையே வேறு போர்டு கொண்டுவந்தார். முன்னமே ஒரு பகல், ஒரு இரவு பெட்டிக்குள் கிடந்து பிழைத்ததாம். அதுவும் நாற்பத்தொன்றில் செத்தது. வெள்ளிக்கிழமை நிலத்துக்காரருக்குப் பிளான் போகாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

வியாழன் காலை பாஸ் பொறுமையிழந்து, தானே கடைக்குப் போய் மூன்றாவது போர்டை வாங்கி வந்தார். பெட்டி அண்ணே கிறிஸ்டலை மாற்றி மாட்டும் வரை பக்கத்திலேயே நின்றார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது. நாற்பத்தொன்று. 'பீப்.'

பெட்டி அண்ணேயின் முகம்தான் அன்று சுண்ணாம்பாக வெளுத்துப்போனது.

"ஒரு போர்டு பொய் சொல்லும். மூணு போர்டுமா பொய் சொல்லும்?" என்று பாஸ் ஜீப் சாவியை எடுத்தார். "ஏறு. ரெண்டு பேரும் ஏறு."

உச்சி வெயிலில் அந்தத் தோட்டத்தில் ஒரு காக்கை இல்லை. மரங்களைச் சாய்த்தாகிவிட்டது. தோட்டத்து ஆட்களின் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் அடுப்புக் கல் மட்டும் கிடந்தது. இடுப்பளவு லாலாங் புல். பாஸ் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நாற்பத்தொன்றாம் லோட்டைத் தேடினார். பெட்டி அண்ணே தேடவில்லை. புல்லை விலக்கிக்கொண்டு நேராக நடந்தார்; ஓரிடத்தில் நின்று செருப்பைக் கழற்றினார்.

பாஸின் பூட்ஸுக்கடியில் ஏதோ உடைந்தது. குனிந்தால், ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, கவிழ்த்து மண்ணில் பாதி புதைந்து. அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. புல்லை ஒதுக்க ஒதுக்க வரிசை நீண்டது. கல்லறை கட்ட வழியில்லாத தோட்டத்து ஜனங்கள், புதைத்த இடம் மறக்காமலிருக்க மங்கைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். காற்றே இல்லை, புல் மட்டும் சரசரத்துக்கொண்டிருந்தது.

பாஸ் உடைந்த மங்கின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்தார். கைகூப்பி மூன்று முறை குனிந்தார். "பந்தாங் லா இது, தொடக்கூடாத மண்ணு. இங்க வீடு கட்டினா எவன் தூங்குவான்?" என்றார், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மாலையே நாற்பத்தொன்றாம் லோட்டை இடுகாடு என்று பிளானில் ஒதுக்கினார். நிலத்துக்காரரோடு போனில் சண்டை போட்டும் ஜெயித்தார். திருத்திய எண்களை நான் கொடுத்ததும் அதே மூன்றாவது போர்டு எண்பது வரை மூச்சுவிடாமல் ஓடியது. வெள்ளிக்கிழமை பிளான் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் கம்ப்யூட்டரின் மூடியை முடுக்க வந்த பெட்டி அண்ணேயிடம் கேட்டேன். "அண்ணே, அந்த இடம் உங்களுக்கு முன்னயே தெரியும்தானே?"

திருகாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க லயம் அங்கதான் மிஸ். என் தங்கச்சி அங்க இருக்கா. ஆறு வயசு. காய்ச்சல்."

"பாஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மொத நாளே, மேசையில பிளானைப் பாத்ததும் சொன்னேன். நீங்க போஸ்டாபீஸ் போயிருந்தீங்க. பழைய பிளான்ல அப்படி ஒண்ணும் இல்லேன்னுட்டாரு. மனுசன் சொன்னா நம்ப மாட்டாங்க மிஸ். கம்ப்யூட்டர் சொன்னா நம்புவாங்க. எந்த லோட்டுக்கு மெமரி எது வரைக்கும் நிறையும்னு பார்த்து, அந்த எடத்துச் சில்லோட காலை லேசா வளைச்சு வெச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல போர்டு மூணைக் கெடுத்தீங்களா?"

"ரெண்டு." திருகாணி முடுக்குவதை நிறுத்தினார். "மூணாவதுல சில்லெல்லாம் கடைக்காரன் போட்டுக் குடுத்தது. நான் கிறிஸ்டலை மட்டும்தான் மாத்துனேன். உங்க பாஸ் பக்கத்துலயே நின்னாரே, பாத்தீங்கதானே?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் நாற்காலியைக் கம்ப்யூட்டரைவிட்டுக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"தங்கச்சி பேரு என்னண்ணே?" என்றேன்.

சொன்னார். வெகுகாலம் வாய்விட்டுச் சொல்லாத பெயர் போல, முதல் எழுத்தில் தடுக்கிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பாராங் கத்தியோடு அங்கே புல் வெட்டப் போவதாகச் சொன்னார். நானும் ஒரு கத்தி எடுத்துக்கொண்டு பீடோர் பஸ் ஏறினேன். அண்ணன் மட்டும் தனியாகப் போனால் நன்றாகவா இருக்கும்?