வேன் கூரையில் சோலார் போட்ட வகையில்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நான் நலம். உன் அக்காள் மூச்சு வாங்கிக்கொண்டே நலம். அங்கு உன் முறிந்த இடுப்பும், அதற்குப் பணிவிடை செய்து இடுப்பொடிந்த உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை நாங்கள் கிளம்பி உன் வீட்டுக்கு வருகிறோம். முன்னறையைக் காலி செய்து வைக்கவும். உன் அக்காளால் படுக்க முடியாது, சாய்ந்தபடிதான் தூங்குவாள், ஆகவே தலையணை நிறைய வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே. நீங்கள் இருவரும் போனில் பேசும் அழகுதான் தெரியுமே. அவள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் மூச்சு முட்டுகிறது, நீ அதற்குள் "என்னது? சத்தமா சொல்லு"ங்கறே. போனை வைத்துவிட்டு, "சாகறதுக்குள்ள அவன் மூஞ்சிய ஒரு தடவை பாத்துடணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். சுவருக்குப் பக்கத்தில் நான்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வீட்டுக்கு வர இரண்டு நாள் பயணம். ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் அவளால் ஒரு மணி நேரம் தாங்க முடியாது. மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். ஓடுகிற வண்டியில் கரண்டுக்கு எங்கே போவது? அதனால்தான் வீட்டு வேன் ஒன்று கட்டுவது என்று முடிவெடுத்தேன். ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய வேன். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், மின்விசிறி, சின்ன அடுப்பு எல்லாம் வைத்தாயிற்று. பின்பக்கம் "குழந்தைகள் இறங்குமிடம், பொறுத்துச் செல்லவும்" என்று எழுதியிருப்பதை அழிக்க வேண்டாம் என்று உன் அக்காள் சொல்லிவிட்டாள். நான் இறங்கும் வேகத்துக்கு அது பொருத்தமாக இருக்கிறதாம்.

கூரைக்கு சோலார் போட வந்த எலக்ட்ரீஷியனை நாங்கள் "ஆயிடும்" என்றே கூப்பிடுகிறோம். அவன் வாயில் வேறு சொல் கிடையாது. மிஷின் ராத்திரி பூரா ஓடுமாப்பா? "ஆயிடும் சார்." இதுக்கு முன்னாடி வேனுக்குப் போட்டிருக்கியா? "ஆயிடும் சார்." தண்ணீர் மோட்டார் பார்க்கிறவன் அவன். ஒரு கையில் திருப்புளி, மறு கையில் போனில் வீடியோ என்று வைத்துக்கொண்டு பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் எப்படியோ மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் வெயில் மண்டையைப் பிளக்கிறது, பேட்டரி ஏறவே இல்லை. அவன் வந்து வேனுக்குள் படுத்து உருண்டு ஒயரை மாற்றினான். ஏறவில்லை. ஏதோ ஒரு டப்பாவை மாற்றினான். ஏறவில்லை. கடைசியில் மேகத்தின் மேல் பழி போட்டான், வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லாத நாளில். எனக்கு வந்ததே கோபம், அவனை நாலு பேர் பார்க்கக் கிழி கிழி என்று கிழித்தேன். அப்போது மாடி வீட்டுக்காரம்மா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே, "ஏன் சார், வெயில் படவேண்டிய சாமானுக்கு யாராவது போர்வை போத்துவாங்களா?" என்றாள்.

போர்த்தியது நான்தான். கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், புதுச் சாமானைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிப் பழக்கமில்லை. ஆயிடும் மாட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலமே, தூசி படக்கூடாது, நிறம் மங்கக்கூடாது என்று ஏணி போட்டு ஏறி, பழைய ஜன்னல் திரையால் நாலு மூலையும் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் இறங்கினேன். உன் அக்காள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும், இருமினால் நீலம் பாரிக்கும் என்று தெரிந்தும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று மச்சான்.

அப்புறம் ஒத்திகை பார்த்தோம். அவளைக் கட்டிலில் சாய்த்து மிஷினைப் போட்டோம், ஓடியது. அந்த நேரம் பார்த்து இந்த ஆயிடும் ஒயர் பற்றவைக்கும் தன் சூட்டுக்கோலை அதே இன்வெர்ட்டரில் சொருக, நான் மின்கெட்டிலைப் போட, பாரம் தாங்காமல் இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. மிஷினும் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் ஆயிடுமின் சட்டையைப் பிடித்துக் கத்த, அவன் "ஆயிடும்" என்பதையும் மறந்து திருப்புளியைத் தேட, அவள்தான் விட்டு விட்டுச் சொன்னாள்: "மூச்சு வாங்க வேண்டியது நான். நீங்க ஏன் வாங்கறீங்க? அந்தக் கெட்டிலப் பிடுங்குங்க." பிடுங்கினேன். மிஷின் ஓடியது.

நேற்று மத்தியானம் எல்லாம் சரியாக அமைந்தது. வேனை வெயிலில் நிறுத்தினால் அவளுக்கு ஆகவில்லை, நிழலில் நிறுத்தினால் பேட்டரிக்கு ஆகவில்லை என்று தெருவில் முன்னும் பின்னும் நகர்த்தி, பாதி நிழலில் நிறுத்தினேன். மிஷின் சீராக ஓடியது. அவள் நன்றாகத் தூங்கினாள். சாயங்காலம் கண் விழித்து, "தம்பி வீடு வந்துடுச்சா?" என்று கேட்டாள். இன்னும் நம்ம வாசல்தான் என்றேன். "பரவாயில்ல, இன்னும் கொஞ்சம் தூங்கறேன், வந்ததும் எழுப்புங்க" என்றாள்.

ஆகவே திங்கட்கிழமை தவறாது. உன் மனைவிக்கு எங்கள் அன்பு. உனக்கு, வயதில் பெரியவன் என்ற ஒரே தகுதியில், என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிக்கொண்டவன்

பின்குறிப்பு: முன்னறையைக் காலி செய்ய வேண்டாம். நாங்கள் வரவில்லை. மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு டாக்டரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். சோலார், பேட்டரி, கெட்டில் வரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மிஷின் தாங்கும் சார். அவங்க தாங்க மாட்டாங்க. யாரையாவது பாக்கணும்னா இங்க வரச் சொல்லுங்க, சீக்கிரமா" என்றார். அதனால் உன்னை அழைத்துவர வேன் மட்டும் வருகிறது, ஆயிடும் ஓட்டுகிறான், நான் கூட வருகிறேன். இங்கே எங்கள் மகள் வந்திருந்து அவளைப் பார்த்துக்கொள்வாள். உன்னால் உட்கார முடியாது என்று தெரியும். கட்டில் இருக்கிறது, படுத்தபடியே வா. அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, வேனை வெள்ளோட்டம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். பக்கத்து அறையில் உனக்காக எடுத்த சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், ஒன்று வைத்ததும் உட்கார்ந்துகொள்கிறாள், மறுபடி எழுந்து ஒன்று வைக்கிறாள். நீ அவள் கண்ணெதிரில் வந்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதே இல்லை. என்னால் சொல்ல முடியவில்லை மச்சான், கிளம்பி இரு.